ஐஸ்கட்டி தின்ற மனிசி

கன நாளாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. வேலை, பிள்ளைகள், நித்திரை என்று காலம் போய்விட்டது. இன்றைக்கு எழுதாவிட்டால் மனம் ஆறாது.

போன கிழமை எங்கடை ஆட்களின் வீடொன்றுக்குக் குழந்தை பார்க்கப் போனேன். பிள்ளைக்கு இரண்டு மாதம். தாய்க்காரி கதிரையை ஊன்றித்தான் எழும்பினாள், முகம் வெளிறிக் கிடந்தது. புருசன் சிரித்துக்கொண்டு, "அண்ணை, இவளுக்கு இப்ப நல்ல பஞ்சி" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு காலத்தில் நானும் இதே கதை கதைத்தவன்.

2014இல் எங்கள் இரண்டாவது மகள் இங்கே பலேர்மோவில் பிறந்தாள். பிரசவத்தில் மனிசிக்கு இரத்தம் கூடப் போனது. கோடை வெக்கையில் அவள் ஐஸ்கட்டி கேட்கத் தொடங்கினாள். நானும் வேலை செய்யும் சாப்பாட்டுக்கடையில் இருந்து பையில் கட்டிக்கொண்டு வந்து கொடுப்பேன். நறுக் நறுக்கென்று கடிப்பாள். வெக்கைக்குத்தான் என்று நினைத்தேன். நாலாம் மாடி ஏற மூச்சு வாங்கியபோது, "நீர் நடக்கிறதில்லை, அதுதான்" என்றேன்.

பிறகு கொன்சுல்தோரியோவுக்குப் போனோம். 1975ஆம் ஆண்டுச் சட்டத்தால் இத்தாலி முழுக்க வந்த குடும்பநல நிலையங்கள் அவை. டாக்டர் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, ஐஸ், மண், சுண்ணாம்பு ஏதாவது தின்ன ஆசை வருகிறதா என்று கேட்டார். எனக்கு விறைத்துப்போனது. இரும்புச்சத்துக் குறைவுக்கு அதுவும் ஒரு அடையாளமாம். ஹீமோகுளோபின் 8.4. பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே இரத்தசோகை. நான் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படித்தவன். 2006இல் ஏ9 பாதை மூடியதோடு படிப்பு நின்றது. ஹீமோகுளோபினைப் பற்றி நாலு பக்கம் எழுதுவேன், பக்கத்தில் படுத்திருந்தவளின் இரத்தம் வற்றியது தெரியவில்லை.

ஊரில் இருந்து மாமி தொலைபேசியில், "அவளின்ர பாலில சத்தில்லை, மாட்டுப்பாலைக் குடுங்கோ" என்றா. இது பிழை. எந்தத் தாயின் பாலிலும் இரும்பு கொஞ்சம்தான், ஆனால் குழந்தைக்கு அது நன்றாகச் செமிக்கும். தாய்க்கு இரும்பு குறைந்தாலும் பாலில் பெரிதாகக் குறையாது. குழந்தை முதல் ஆறு மாதமும் வயிற்றில் இருந்தபோது, முக்கியமாகக் கடைசி மூன்று மாதத்தில், சேர்த்த இருப்பில்தான் ஓடுகிறது. பிறந்தவுடன் தொப்புள்கொடியை ஒரு நிமிடமாவது பொறுத்து வெட்டச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் இந்த இருப்பைக் கூட்டத்தான். மாதம் குறைந்து பிறந்த பிள்ளைக்கு இருப்புக் குறைவு, டாக்டர் சொட்டுமருந்து எழுதுவார். ஆறு மாதத்தில் பருப்பு, முட்டை, மீன், இறைச்சி மசித்துக் கொடுக்க வேண்டும். ஒரு வயதுக்கு முன் மாட்டுப்பாலைக் குடிபாலாகக் கொடுத்தால் இரத்தசோகைதான் கூடும். மூத்தவளுக்கு எட்டாம் மாதத்திலேயே கொடுத்தோம், தெரியாமல்.

அடுத்தது தேத்தண்ணி. மாத்திரையை விழுங்கிவிட்டு உடனே தேத்தண்ணி குடித்தால் பாதி வீண். தோடம்பழச் சாற்றோடு விழுங்குங்கோ, சிசிலியில் தோடம்பழத்துக்கா பஞ்சம்! மலம் கறுப்பாகப் போகும், பயப்படத் தேவையில்லை. இரத்தம் ஏறியதும் நிற்பாட்டாமல் டாக்டர் சொல்லும் மாதங்கள் வரை போடவேண்டும். இரும்பு மாத்திரை போட்டால் பிள்ளை கறுக்கும் என்ற கதையைப் பல்லாரோ சந்தையில் எறிந்துவிட்டு, வரும்போது சாளைமீன் வாங்கி வாருங்கோ.

ஆனால் தாங்களே மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். சிசிலியில் தலசீமியாக் கூறு உள்ளவர்கள் கனபேர். எங்கள் நாட்டிலும் உண்டு, குருநாகலில் அதற்கென்றே பெரிய சிகிச்சை நிலையம் இருக்கிறது. அந்தக் கூறு இருந்தாலும் இரத்த அணுக்கள் சிறுத்துத்தான் தெரியும். அதற்கு இரும்பு மருந்தல்ல. ஃபெரிட்டின் பார்த்தால்தான் இரும்புக் குறைவா இல்லையா என்று பிடிபடும். தாய், தகப்பன் இருவருக்கும் அந்தக் கூறு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு நோய் வரும் வாய்ப்பு. அதனால் ஆம்பிளைகளும் கையை நீட்டி இரத்தம் கொடுக்கவேண்டும்.

விசா இல்லாதவர்களும் பயப்படவேண்டாம். 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி கர்ப்பிணிக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் இங்கே வைத்தியம் உண்டு, எஸ்.டி.பி. இலக்கம் எடுத்தால் போதும்.

எங்கடை சனம் பத்தியச் சரக்கை மறக்காமல் அரைக்கும். முப்பத்தொன்று கழித்து விருந்தும் வைக்கும். அதன் பிறகு அந்தப் பெண் வீடு துடைக்கிற வேலைக்குப் போகிறாள், குழந்தைக்கு ராத்திரி நாலுதரம் எழும்புகிறாள். நாங்கள் அவளுக்கு வைத்த பெயர் பஞ்சி.

அந்தத் தம்பியைப் படியடியில் கூப்பிட்டு, "அவள் ஐஸ் ஏதும் கேட்கிறவளே?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். "ஐஸ் இல்லை அண்ணை, பச்சை அரிசி சப்புறவள்" என்றான். நாளைக்கே லீவு போட்டுக் கூட்டிக்கொண்டு போ என்று சொல்லிவிட்டு வந்தேன். உங்கள் வீட்டிலும் ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ.