864 அமுக்கு

போன வாரம் ஓர் அலுவலகத்தின் இணையப் பக்கத்தில் விண்ணப்பம் போட உட்கார்ந்தேன். பெயர், முகவரி எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. பிறந்த தேதியில் மாட்டிக்கொண்டேன். கட்டத்தைத் தொட்டால் அழகாக ஒரு காலண்டர் விரிகிறது, இந்த மாதத்தைக் காட்டிக்கொண்டு. பின்னால் போக என் கண்ணுக்குத் தெரிந்தது ஓர் அம்புக்குறிதான். ஓர் அமுக்குக்கு ஒரு மாதம். எனக்கு வயது 72. கணக்குப் போட்டுப் பாருங்கள், 864 அமுக்கு! கையால் டைப் செய்யவும் விடவில்லை. 1990 வரை போனேன். விரல் எங்கோ பட்டு மறுபடி இந்த மாதத்துக்கே வந்துவிட்டது.

தம்பி மகன் இலந்தைக்குளம் ஐடி பார்க்கில் வேலை பார்க்கிறான். அவனைப் பிடித்துக் கேட்டேன். பிரவுசருக்குள்ளேயே தேதிப் பெட்டி இருக்கிறதாம். 2014-இல் தரமாக அறிவித்த எச்டிஎம்எல்5-இலேயே உண்டாம். ஒரு வரி எழுதினால் போனின் சொந்தக் காலண்டரே வரும், வருடத்தைத் தனியாக மாற்றலாம்.

"பழைய பிரவுசரா இருந்தா?"

"அதுக்குத் தெரியலைன்னா சாதாரண எழுத்துப் பெட்டியா மாறிடும் பெரியப்பா. டைப் பண்ணிக்கலாம்."

"அப்புறம் ஏன்டா அதைப் போடலை?"

"ஒவ்வொரு பிரவுசர்லயும் ஒவ்வொரு மாதிரி தெரியும். க்ளையன்ட்டுக்குப் பிடிக்காது. ரியாக்ட்ல ரெடிமேடா காலண்டர் கிடைக்குது, எடுத்துப் போட்டுடுவோம்."

வேறு மாதிரி தெரிந்தால் என்ன குடி முழுகிப் போகும்? பக்கத்து வீட்டுக்காரர் போனோடு ஒப்பிட்டா பார்க்கப் போகிறேன்? வீட்டுக் கிணற்றை மூடிவிட்டு லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கிற கதை இது. அந்த இரவல் காலண்டர் தனியாக இறங்கியாக வேண்டும். உசிலம்பட்டிப் பக்கம் சிக்னல் ஒற்றைக் கோட்டில் நிற்கும்போது அது பாதியில் நின்றால், தேதியும் போட முடியாது, விண்ணப்பமும் போகாது.

லாட்ஜ் ரூம் பதிய, தினவாடகை காட்ட என்று தனிக் காலண்டர் செய்யட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. பிறந்த தேதிக்குக் காலண்டரே எதற்கு? அது நமக்கு மனப்பாடம். பிரிட்டிஷ் அரசின் இணையதளத்தில் நாள், மாதம், வருடம் என மூன்று வெறும் பெட்டிகள்தான் வைத்திருக்கிறார்கள்.

கடைசியில் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அங்கிருந்த பையன் காலண்டரின் தலையில் இருந்த மாதப் பெயரைத் தொட்டான். வருடங்கள் வரிசையாக வந்து நின்றன. அதைத் தொடலாம் என்று ஒரு கோடு, ஒரு குறி கிடையாது. 30 ரூபாய் வாங்கிக்கொண்டான்.