அழகான கோடு வேண்டாம்

கையில் கட்டும் ஸ்மார்ட் வாட்ச்கூட இன்று ஈசிஜி எடுக்கிறது. தோலுக்கு வந்து சேரும் இதயத்தின் சிக்னல் சுமார் 1 மில்லிவோல்ட்தான். எலக்ட்ரோடின் கீழே தோல் சற்று இழுபட்டாலே அதைவிடப் பெரிய வோல்டேஜ் மாற்றம் உண்டாகலாம். கோடு கிறுக்கலாகிவிடும்.

"அதற்குத்தான் பில்டர் இருக்கிறதே!" என்பீர்கள். கரண்ட் லைனின் இரைச்சல் 50 ஹெர்ட்ஸில் இருக்கும். வெட்டி எறிவது சுலபம். உடல் அசைவின் இரைச்சல் அப்படியல்ல. பெரும்பாலும் 1 முதல் 10 ஹெர்ட்ஸுக்குள் வருகிறது. இதய அலைகளின் முக்கியப் பகுதியும் அங்கேதான். ஒன்றை வெட்டினால் மற்றதும் வெட்டுப்படும். சாதாரண பில்டரை 0.5 ஹெர்ட்ஸில் வைத்தாலே எஸ்டி பகுதி உருமாறக்கூடும். மாரடைப்பைச் சந்தேகிக்கும் டாக்டர் பார்ப்பதோ அந்தப் பகுதியைத்தான்!

அசைவை அளக்கும் ஆக்சிலரோமீட்டரைத் துணைக்கு வைத்து இரைச்சலைக் கழிக்கும் அடாப்டிவ் பில்டர்களும் உண்டு. துடிப்பை எண்ண அவை உதவும். அலையின் வடிவத்துக்கு நான் அவற்றை நம்பமாட்டேன். இஸ்திரி போட்ட கோட்டைக் காட்டுவதைவிட, "தெளிவில்லை, மீண்டும் எடுங்கள்" என்று சொல்லும் கருவியே எனக்குப் பிடிக்கும்.

வாட்ச்சில் எடுக்கும்போது உட்கார்ந்து, கையை மேஜைமேல் வைத்து, 30 விநாடி அசையாதிருங்கள். வீட்டில் யாருக்காவது ஹோல்ட்டர் மாட்டினால், ரோமம் மழித்து, தோலைத் துடைத்து லேசாகத் தேய்த்தபின் ஒட்டச் சொல்லுங்கள். ஒயரையும் ஒரு வளையம் விட்டு டேப் போடச் சொல்லுங்கள். மாடிப்படி ஏறிய நேரத்தை டைரியில் குறித்து வையுங்கள், டாக்டருக்கு உதவும்.