உலக இலட்சியங்களும் நமது கிராமக் கணக்கும்

2015-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 25-ஆம் தேதி ஐக்கிய நாடுகள் சபையில் 193 தேசங்கள் ஒருமனதாய் 17 இலட்சியங்களை ஏற்றுக்கொண்டன. 2030-ஆம் வருஷத்திற்குள் இவற்றை நிறைவேற்ற வேண்டுமென்பது தீர்மானம். வறுமை ஒழிதல், பசி நீங்குதல், ஆரோக்கியம், கல்வி, சுத்தமான ஜலம், நிலவளப் பாதுகாப்பு முதலியன அவற்றுள் அடங்கும். எங்கோ நியூயார்க் நகரத்தில் எழுதப்பட்ட இவற்றிற்கும் ஏர் பிடிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று குடியானவர் கேட்பது இயல்பே. ஆயினும், சற்று யோசித்துப் பார்ப்போமாயின், இவற்றுள் முக்கியமான சில நமது கிணற்றடியிலும் களத்துமேட்டிலுமன்றி வேறெங்கும் நிறைவேறக் கூடியவை அல்ல என்பது விளங்கும்.

முதலில் நமது ராஜ்யம் அடைந்திருக்கும் அபிவிருத்தியைக் கூறுவது நியாயம். நிதி ஆயோக் 2023-24-ஆம் வருஷத்திற்கு வெளியிட்ட அட்டவணையில், நூற்றுக்குக் கேரளமும் உத்தராகண்டமும் 79 பெற்றிருக்க, தமிழ்நாடு 78 பெற்று அடுத்து நிற்கிறது. தேச முழுமைக்கும் கிடைத்தது 71. பல்பரிமாண வறுமையில் உழல்வோர் 2015-16-இல் நூற்றுக்கு 4.76 ஆக இருந்து, 2019-21-இல் 2.20 ஆகக் குறைந்தனர். இது ஒரு நாளில் விளைந்ததன்று. 1956-இல் காமராஜர் பள்ளிகளில் பரவச் செய்த மதிய உணவு, 1982-இல் எம். ஜி. இராமச்சந்திரன் விரிவாக்கிய சத்துணவு, 2011 முதல் குடும்ப அட்டைக்கு விலையின்றி வழங்கும் அரிசி, 2022-இல் தொடங்கிய காலை உணவு ஆகிய யாவும் சேர்ந்து செய்த காரியம் இது. அந்த அன்னத்தை விளைவிப்பவர் குடியானவரே ஆதலின், இப்பெருமையில் அவர்க்கும் பங்குண்டு.

ஆனால் மொத்த மதிப்பெண் ஏரி நீர் போன்றது. மேற்பரப்பு சமமாகத் தோன்றும். அடியிலுள்ள பள்ளம் தெரியாது. நமது ராஜ்யத்தின் கணக்கில் அத்தகைய பள்ளங்கள் இரண்டு உள்ளன. ஒன்று நிலத்தடி நீர். மற்றொன்று நம் வீட்டுப் பெண்டிர் பிள்ளைகளின் இரத்தம்.

நீரைப் பற்றி முதலில் பார்ப்போம். 2016-ஆம் வருஷத்து வடகிழக்குப் பருவமழை வழக்கத்தில் நூற்றுக்கு 62 பங்கு குறைந்து, அடுத்த ஜனவரியில் எல்லா ஜில்லாக்களும் வறட்சிப் பிரதேசமென்று அறிவிக்கப்பட்டதை யாவரும் அறிவர். 2017-ஆம் வருஷத்து மதிப்பீட்டில், மொத்தமுள்ள 1,166 பிர்க்காக்களுள் 462-இல் மழையால் ஊறும் நீரைவிட இறைக்கும் நீர் மிகுதியென்று கண்டார்கள். பின்னர் வந்த நல்ல மழையினால் இவ்வெண் சற்றுக் குறைந்தது. மழையை நம்பிக் குறைந்த எண் மழை பொய்த்தால் மீண்டும் ஏறும் என்பதை மறத்தலாகாது.

இந்நிலைக்குக் காரணம் குடியானவரின் பேராசை என்று பட்டணத்தார் சிலர் சொல்வதை நாம் ஒப்பமாட்டோம். 1990 முதல் பாசன மோட்டார்களுக்குச் சர்க்கார் கட்டணமின்றி மின்சாரம் அளித்து வருகிறது. கடன்பட்ட பல குடும்பங்களை அது கைதூக்கிவிட்டது. ராஜ்யத்தின் நெற்களஞ்சியத்தையும் நிரப்பியது. எனினும், பசி நீக்கும் இலட்சியத்திற்கு உதவிய அதே மோட்டார், நீர் காக்கும் இலட்சியத்திற்கு ஊறு செய்கிறது. மின்சாரத்திற்கு விலை இல்லை. நீருக்கும் விலை இல்லை என்று எண்ணிவிட்டோம்.

நமது நிலப்பரப்பில் நான்கில் ஏறத்தாழ மூன்று பங்கு கடினப் பாறை. பாறையின் வெடிப்புகளில் தங்கும் நீர் அற்பமே. ஒருவர் 800 அடி ஆழ்துளைக் கிணறு இறக்கினால், அடுத்த காணியிலுள்ள 50 அடித் திறந்த கிணறு வற்றுவதுண்டு. 2015-16-ஆம் வருஷத்து விவசாயக் கணக்கெடுப்பின்படி, நமது ராஜ்யத்துச் சாகுபடிதாரர்களில் நூற்றுக்கு 93 பேர் சிறு, குறு விவசாயிகள். சராசரிக் காணி 0.75 ஹெக்டேர். ஆகவே, வசதி படைத்தோர் ஆழம் தோண்டுந்தோறும் வசதியற்றோர் நிலம் தரிசாகிறது. வறுமை ஒழிந்ததென்று ஒரு பக்கத்தில் எழுதி, மறு பக்கத்தில் புதிய வறுமையை நாமே உண்டாக்குவது தகுமா?

பரிகாரங்கள் புதியன அல்ல. நெல் வயலில் எப்போதும் நீர் நிற்க வேண்டுமென்ற அவசியமில்லை. துளையிட்ட குழாயொன்றை வயலில் புதைத்து, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழ் 15 சென்டிமீட்டர் இறங்கிய பின்னர் மீண்டும் 5 சென்டிமீட்டர் நீர் கட்டினால் போதும்; பூக்கும் தருணத்தில் மாத்திரம் காயவிடலாகாது. சொட்டு நீர்ப் பாசனத்திற்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியமும், ஏனையோருக்கு நூற்றுக்கு 75 பங்கும் கிடைக்கிறது. எல்லாவற்றிற்கும் மேலாக, ஏறத்தாழ 40,000 ஏரிகள் நம்மிடம் உள்ளன. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து வரத்துக் கால்வாய் வெட்டிய குடிமராமத்து முறையை 2017-இல் சர்க்கார் புதுப்பித்தது. சர்க்கார் பணம் கரையை உயர்த்தும். கால்வாயை வருஷந்தோறும் காப்பது ஆயக்கட்டுதாரர் கடமை.

இனி இரத்தத்தைப் பற்றி. 2019-21-ஆம் வருஷத்துத் தேசியக் குடும்ப நல ஆய்வு, நமது ராஜ்யத்தில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 53.4 பேருக்கும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 பேருக்கும் இரத்தசோகை உண்டென்று கூறுகிறது. முந்தைய ஆய்வில் குழந்தைகளின் எண் 50.7 ஆகவே இருந்தது. வயிறு நிறைந்தும் இரத்தம் குறைந்தது எதனால்? காரணங்கள் பல எனினும், தீட்டிய அரிசியொன்றே உணவாகியது அவற்றுள் ஒன்று. 100 கிராம் கம்பில் 6.4 மில்லிகிராம் இரும்புச் சத்து உள்ளது, கேழ்வரகில் 4.6; தீட்டிய பச்சரிசியில் 0.65 மாத்திரமே. இவை அரிசியினும் மிகக் குறைந்த நீரில் விளைபவை. ஆக, புன்செய்த் தானியம் இரு பள்ளங்களையும் ஒருங்கே தூர்க்க வல்லது.

"நெல்லுக்குக் கொள்முதல் நிலையம் உண்டு, கம்பை யார் வாங்குவார்?" என்று மிராசுதாரர் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. 2023-இல் நீலகிரி, தருமபுரி ஜில்லாக்களில் அரிசிக்குப் பதில் கார்டுக்கு 2 கிலோ கேழ்வரகு வழங்கத் தொடங்கியது நல்ல ஆரம்பம். அது ஏனைய ஜில்லாக்களுக்கும் பரவி, கொள்முதலும் உறுதிப்பட்டாலன்றிக் குடியானவரைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆயினும், வீட்டுத் தேவைக்கு அரை ஏக்கர் விதைப்பதற்குக் கொள்முதல் நிலையம் எதற்கு?

கிராம நிர்வாக அலுவலர்களுக்கும் ஊராட்சித் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தை ஒன்பது தலைப்புகளில் வகுத்துக்கொள்ளச் சர்க்கார் விதித்துள்ளது. நீர் நிறைவு பெற்ற கிராமம் என்பது அவற்றுள் ஒன்று. அடங்கலில் உள்ள பயிர் நிலத்தில் இருக்க வேண்டும். நிலத்தில் உள்ள ஆக்கிரமிப்பு கணக்கில் இருக்க வேண்டும். பொய்க் கணக்கின்மேல் கட்டிய திட்டம் கரையற்ற ஏரியே.

2030-ஆம் வருஷம் உலக சபையார் என்ன மதிப்பெண் இடுவார்களோ, அது அவர்கள் பாடு. அவ்வருஷம் சித்திரையில் ஊர்ப் பொதுக் கிணற்றில் நீர் நிற்கிறதா, பள்ளிப் பிள்ளையின் முகத்தில் தெளிவிருக்கிறதா என்று நாமே பார்த்துக்கொள்ளலாம். வரும் ஐப்பசி மழைக்கு முன் தத்தம் ஊர் வரத்துக் கால்வாயை ஒருமுறை நடந்து பார்ப்பதே அதற்கு முதற் காரியம்.