உயரம் எங்கே வேண்டும்?

சுவிட்சர்லாந்தின் நகரச் சாலைகளில், தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது இருந்ததைவிட நாலைந்து விரற்கடை உயர்த்தப்பட்ட ஜீப்புகளையும் எஸ்.யூ.வி. வண்டிகளையும் காணும்போதெல்லாம், அவற்றின் முரட்டு டயர்களில் சேற்றின் சுவடுகூட இல்லாதிருப்பதைக் கவனித்து, இந்த உயரம் எந்தக் கரடுமுரடான பாதையை உத்தேசித்து ஏற்பட்டது என்று நான் வியப்பதுண்டு. மலைகளுக்குப் பெயர்போன தேசமாயிற்றே, சாலையை விட்டு இறங்கி ஓட்டுவதற்கு இடத்துக்கா பஞ்சம் என்று ஊரிலிருந்து வந்து பார்க்கிறவர்கள் நினைக்கக்கூடும். யதார்த்தம் வேறு. 1991ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட வனச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, காட்டிலும் காட்டுப் பாதைகளிலும் வனத்துறைக் காரியங்களுக்காக அன்றி மோட்டார் வாகனங்கள் செல்லலாகாது என்று பொதுவாக விதித்துவிட்டு, விலக்கு அளிக்கும் அதிகாரத்தை அந்தந்த மாநிலங்களுக்கு விட்டிருக்கிறது. அதற்கு முந்திய 1958ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டமோ, மோட்டார் வாகனங்களுக்கு ஏற்றவையல்லாத வழிகளில் அவற்றை ஓட்டுவதையே தடுக்கிறது. ஆகவே மலைப் பண்ணைக்காரர், வனக் காவலர், குளிர்காலத்தில் மொரோக்கோ பாலைவனத்துக்குப் பிரயாணம் போகிறவர் முதலிய சிலரை நீக்கிவிட்டால், மற்றவர்கள் வண்டியை உயர்த்துவது பெரும்பாலும் அலங்காரத்துக்காகவே என்பது என் அபிப்பிராயம்.

அலங்காரம் குற்றமன்று. ஆனால் உயரத்தைத்தான் மலை கேட்கிறது என்று நம்புகிறவர்கள், எமென்டால் குன்றுகளில் புல்லறுக்கும் பருவத்தில் ஒரு பகல் நின்று பார்க்க வேண்டும். மனிதன் கைதாங்கி ஏறவேண்டிய சரிவில், புர்க்டோர்ஃப் நகரத்து ஏபி நிறுவனம் செய்யும் டெர்ராட்ராக் இயந்திரம், தரையோடு ஒட்டினாற்போன்ற தாழ்ந்த உடலும் இருபுறமும் அகன்று விரிந்த சக்கரங்களுமாக, குறுக்கே நிதானமாக ஊர்ந்து போவதைக் கண்டவர்களுக்கு, சரிவுக்கு வேண்டியது தாழ்ந்த புவியீர்ப்பு மையமும் அகலமுமே என்பது எவ்வித உபதேசமும் இன்றி விளங்கிவிடும். கணக்கும் அதையே சொல்கிறது: சக்கரங்களுக்கிடையே ஒன்றரை மீட்டர் அகலமும், எழுபத்தைந்து சென்டிமீட்டர் உயரத்தில் புவியீர்ப்பு மையமும் உடைய ஒரு வண்டி, ஸ்பிரிங்குகளின் ஆட்டத்தைக் கணக்கில் கொள்ளாவிட்டால், 45 பாகைச் சரிவு வரை பக்கவாட்டில் கவிழாது; மையம் ஐந்து சென்டிமீட்டர் உயர்ந்தால் அந்த எல்லை ஏறக்குறைய 43 ஆகக் குறையும். ஸ்பிரிங்குகள் சாய்ந்துகொடுக்கும் நிஜ வண்டியில் இரண்டு எல்லைகளுமே இன்னும் முன்னதாக வந்துவிடும்.

அப்படியானால் தரையிலிருந்து இடைவெளியே வேண்டாமா என்று கேட்டால், வேண்டும். எந்த இடத்தில் வேண்டும் என்பதுதான் கேள்வி. ஜிம்னி போன்ற, முன்னும் பின்னும் ஒரே இரும்புத் தண்டாக ஆக்சில் அமைந்த வண்டியில், நீளமான ஸ்பிரிங் போட்டு உடலை எவ்வளவு தூக்கினாலும், ஆக்சிலில் புடைத்திருக்கும் டிஃபரென்ஷியல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டால் முழங்கால் நனையாதே தவிர, பாதம் நனையாமல் போவதில்லை. இத்தகைய அமைப்பில் டிஃபரென்ஷியலை உயர்த்துவது டயர் ஒன்றுதான். அதுவும் விட்டத்தில் ஐந்து சென்டிமீட்டர் கூட்டினால் இரண்டரைதான் லாபம். இந்த உண்மையைப் பழைய சுவிஸ் ராணுவ வண்டிகளை அமைத்தவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். 1959இல் பிறந்த ஹாஃப்லிங்கரும், 1971 முதல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் தயாரான பின்ஸ்கௌவரும் இந்நாட்டு ராணுவத்தில் நெடுங்காலம் உழைத்தவை. பின்ஸ்கௌவரின் சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து பார்த்தால், ஆக்சில் சக்கரத்தின் மையத்துக்கு நேரே வராமல் அதற்கு மேலே வந்து, ஒரு சிறு பற்சக்கரப் பெட்டியின் மூலம் கீழே இறங்கிச் சக்கரத்தைச் சுழற்றுவதைக் காணலாம். உடலை வானத்துக்குத் தூக்காமலே அடிவயிற்றில் சுமார் 33 சென்டிமீட்டர் இடைவெளி கிடைத்தது இந்தச் சாமர்த்தியத்தால்தான்.

சாதாரண வண்டிக்கு அந்தப் பெட்டிகளை மாட்டுவது பெருஞ்செலவு. ஆகவே மனிதர்கள் ஸ்பிரிங் கடைக்குப் போகிறார்கள். அங்கே மலிவாகக் கிடைப்பது ஸ்பேசர் என்னும் வளையம்: பழைய ஸ்பிரிங்கின் தலையில் வைத்துவிட்டால் வண்டி நிமிர்ந்து நிற்கும். நிற்பதோடு சரி. பழைய ஷாக் அப்சார்பர் அதே நீளத்தில் இருப்பதால், பள்ளத்தில் சக்கரம் கீழே இறங்குவதற்கு இருந்த தூரம் சுருங்கி, மேடுபள்ளத்தில் ஒரு சக்கரம் அந்தரத்தில் சுழல, மற்றவை சும்மா நிற்கும் பரிதாபம் நேருகிறது. விலையுயர்ந்த காற்று சஸ்பென்ஷனோ, நெடுஞ்சாலையில் தாழ்ந்தும் கரட்டில் உயர்ந்தும் சௌகரியமாக நடந்துகொண்டாலும், உச்ச உயரத்தில் விறைத்துப்போகிறது. பாலைவனத்தின் நடுவே பழுதானால் அதைச் சீர்செய்யும் பட்டறையும் அருகே இராது. என் பரிந்துரை, அன்றாடம் சுமக்கும் பாரத்தை எடைமேடையில் நிறுத்துப் பார்த்து, அந்தப் பாரத்துக்கேற்ற சுருள் ஸ்பிரிங்கும் அதற்கு இணையான நீளமுள்ள ஷாக் அப்சார்பரும் சேர்த்து, நாலைந்து சென்டிமீட்டரோடு நிறுத்திக்கொள்வதே. கூரைக் கூடாரமும் தண்ணீர்க் கேன்களும் ஏற்றிப் போகிறவருக்கு ஏற்ற கெட்டியான ஸ்பிரிங், வாரம் முழுதும் வெறும் வண்டி ஓட்டுகிறவரின் முதுகெலும்பைப் பதம் பார்த்துவிடும் என்பதைக் கடைக்காரர் சொல்லமாட்டார்.

அந்த நாலைந்து சென்டிமீட்டருக்கு மேல் உயர்த்தப் புகுந்தால் ஒன்று மற்றொன்றைப் பிடித்திழுக்கிறது: ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடிக்கும் பன்ஹார்டு கம்பி அதை ஒருபுறம் தள்ளும், ஸ்டியரிங் நேர்கோட்டில் நிலைகொள்ளாமல் அலையும், பிரேக் ஹோஸ் நீளம் போதாது, முகப்பு விளக்கு எதிரே வருகிறவரின் கண்ணைக் கூசச் செய்யும்.

சட்டத்தின் கெடுபிடியை ஆரம்பத்திலேயே நினைவில் கொள்வது நல்லது. இங்கே இத்தகைய மாற்றம் எதுவும் மாநிலத்தின் வாகனப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவிக்கப்பட்டு, பரிசோதிக்கப்பட்டு, வண்டிப் பத்திரத்தில் பதியப்பட வேண்டும். உதிரிப்பாகத்தோடு தக்க சான்றிதழ் இல்லாவிட்டால், பீல் நகரத்தருகே வோஃப்லெனில் உள்ளதைப் போன்ற அங்கீகாரம் பெற்ற பரிசோதனை நிலையத்துக்கு வண்டியைக் கொண்டுபோய், ஸ்பிரிங் வாங்கிய பணத்தைவிட அதிகம் செலவழிக்க நேரிடலாம். இந்தக் கண்டிப்பை நம்மவர்களில் பலர் சலித்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். இளம் பசுமைக் கட்சியினர் பெரிய எஸ்.யூ.வி.க்களையே தடுக்கவேண்டி 2008இல் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கையொப்பங்களைத் திரட்டிக் கொடுத்து, பின்னர் 2011இல் தாமே அந்த முன்மொழிவைத் திரும்பப் பெற்றுக்கொண்ட தேசம் இது. வண்டியை வைத்திருக்க விட்டதே பெரிது என்று எண்ணிக்கொள்ளலாம். எனினும் கெடுபிடிக்கு ஓர் அனுகூலமும் உண்டு. சான்றிதழைக் காட்டுங்கள் என்று கேட்டவுடன், மலிவான வளையங்களை விற்கும் கடைக்காரர் பேச்சை மாற்றுவார். ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் ஒரே தொகுதியாக விற்கிறவர் மேஜை இழுப்பறையைத் திறந்து காகிதத்தை எடுத்து நீட்டுவார்.