ஏரிக்கு எந்தக் கணக்கில் பணம்?

திருவிடந்தைக் கோயிலில் இருக்கும் ஆதிவராகர் வெள்ளத்தில் மூழ்கிய பூமியைத் தூக்கிவந்தவர். அவர் ஒருமுறை செய்ததை இந்தப் பக்கம் டிப்பர் லாரிகள் தினமும் செய்கின்றன. அவற்றுக்குத் தப்பிய கோவளம், கேளம்பாக்கம் கழியிலும் உப்பளங்களிலும்தான் பூநாரைகள் இறங்குகின்றன.

இப்படியோர் இடத்தைக் காக்கப் பணம் கேட்டால், பறவை எத்தனை என்று பிறகுதான் கேட்பார்கள். முதல் கேள்வி, இது ஈரநிலம்தானா என்பது. 2017-ஆம் ஆண்டின் மத்திய ஈரநில விதிகளில் நெல்வயல் ஈரநிலம் இல்லை. உப்பு விளைவிக்கவோ பாசனத்துக்கென்றோ மனிதர் அமைத்த நீர்நிலையும் இல்லை. கடலோர ஒழுங்குமுறைக்குள் வரும் கழிக்கு வேறு சட்டம், வேறு அலுவலகம். செங்கல்பட்டுச் சீமையே ஏரிகளால் ஆனது. அதில் பாசன ஏரியைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது என்ன?

பறவைச் சரணாலயமான வேடந்தாங்கலும் பாசன ஏரிதான். துரைமார் கொக்கு சுடுவதை நிறுத்தச் சொல்லி ஊரார் முறையிட, 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸ் பாதுகாப்புக்குக் கவுல் எனும் எழுத்துறுதி கொடுத்ததாக வரலாறு. மதுராந்தகம் ஏரிக்கரையை ராமர் காத்த கதையில் வரும் அதே கலெக்டர். ஊராரின் நியாயம் எளிமையானது: எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் மதகு வழியே வயலுக்குப் பாய்ந்தால் தனியாக எரு வேண்டாம். பறவையையும் பாசனத்தையும் பிரித்துப் பார்க்க அவர்களுக்குத் தோன்றவேயில்லை. 1858-இல் கவுல் புதுப்பிக்கப்பட்டது. தீபாவளிக்கு வேட்டு வெடிக்காத வழக்கம் இன்றும் இருக்கிறது.

அமெரிக்காவில் வேறு வழி. வாத்து சுடுகிறவர்களே 1934 முதல் ஆண்டுதோறும் ஒரு முத்திரை வில்லை வாங்க வேண்டும். அந்தப் பணம் சதுப்பு நிலங்களுக்குப் போகிறது. 1989-இல் வந்த சட்டப்படி, மானியம் கேட்பவர் கூட்டரசு தரும் தொகைக்கு ஈடாகத் தம் பங்கையும் காட்ட வேண்டும். ஈரநிலக் காப்புக்கான நம் மத்தியத் திட்டத்திலும் 60-க்கு 40 என்று பங்கு உண்டு, 40 மாநிலத்துடையது. இரண்டு நூற்றாண்டாக ஊரார் போட்ட பங்கை எந்தப் பத்தியில் எழுதுவது என்று தெரியவில்லை.

ஈரநிலங்களுக்கான பன்னாட்டு ராம்சார் உடன்படிக்கை இயற்கை, செயற்கை என்று பார்ப்பதில்லை. அதனால் 2022-இல் வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் அந்தப் பட்டியலில் ஏறின. நல்லதுதான். ஆனால் வேடந்தாங்கல் ஏரி சுமார் 30 ஹெக்டேர். நத்தைகுத்தி நாரை அங்கே கூடுதான் கட்டுகிறது. குஞ்சுக்கு இரை தேடச் சுற்றுவட்டார ஏரிக்கும் வயலுக்கும் போகிறது. 1998-இல் சரணாலயத்துக்கு 5 கி.மீ. ஆர எல்லை வைத்ததன் பொருள் இதுவே. 2020-இல் அதை 3 கி.மீ.-ஆகக் குறைக்க வனத்துறை முன்வந்தபோது எதிர்ப்பு எழுந்ததும் இதனால்தான். தொட்டிலுக்குப் பணம் உண்டு, அடுப்படிக்குக் கிடையாது என்றால் குஞ்சு எப்படி வளரும்?

ஈரநில விதியில் ஒரு வரி சேர்த்தால் போதும் என்பேன்: பறவை கூடு கட்டும், இரை தேடும் பாசன ஏரிகளுக்கு அந்த விலக்கு பொருந்தாது என்று. கூடவே, தூர் வாரும் மதிப்பீட்டைப் நீர்வளத்துறைக்காரர் போடும்போது, ஏரிக்குள் கூடு தாங்கி நிற்கும் கடம்ப மரங்களை எண்ணிவிட்டுப் போடட்டும்.