ஜப்பான் ரயில் பாஸ்... யாருக்கு லாபம்?

ஜப்பான் டூர் என்றதுமே, ‘முதல்ல ரயில் பாஸ் வாங்கிடுங்க’ என்பார்கள். அது பழைய கணக்கு. ஏழு நாள் பாஸின் விலை 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்ந்துவிட்டது.

டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்குப் புல்லட் ரயிலில் போய்வர, ஒருவருக்குச் சுமார் 28,000 யென்தான் ஆகும். ஹிரோஷிமா வரை போய்த் திரும்பினாலும் 50,000-ஐ எட்டாது. கியோட்டோவோடு திரும்பும் நான்கு பெரியவர்களுக்கு, பாஸ் வாங்காமல் விட்டாலே சுமார் 88,000 யென் மிச்சம்!

எனவே, போகும் ஊர்களை முதலில் முடிவு செய்யுங்கள். டிக்கெட் விலைகளைக் கூட்டிப் பாருங்கள். பாஸ் விலையைத் தாண்டினால் மட்டும் பாஸ் வாங்குங்கள். ஊருக்குள் சுற்ற, சுயிகா போன்ற ரீசார்ஜ் கார்டு போதும்.

பெட்டியையும் அளந்துவிடுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து 160 சென்டிமீட்டரைத் தாண்டினால், டோக்கியோ - கியோட்டோ புல்லட் ரயிலில் பெட்டி வைக்க இடமுள்ள சீட்டை முன்கூட்டியே ரிசர்வ் செய்ய வேண்டும்.

சாதாரண வகுப்பில் கியோட்டோ போகும்போது, வலப்பக்க ஜன்னலோர ‘இ’ சீட்டாகப் பாருங்கள். வானம் தெளிவாக இருந்தால் ஃபுஜி மலை தெரியும். அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது!