பாட்டியின் மின்விசிறி

சென்ற கோடையில் கள்ளக்குறிச்சியில் ஓர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். தலைக்கு மேலே மின்விசிறி அசையாமல் நிற்க, அதன் கீழே பாட்டியம்மாள் பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தார். காரணம் கேட்டோம். "கரண்டு பில்லுக்குப் பயந்துதான், ஐயா" என்றார்.

மின்கட்டணம் குடும்பங்களின் சக்திக்கு மீறிவிட்டதா? சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

2016 மே மாதம் முதல் வீடுகளுக்கு இரு மாதத்திற்கு 100 யூனிட் இலவசமாயிற்று. அதன்பின் 300 யூனிட் செலவழித்த வீட்டார் செலுத்தியது 530 ரூபாய். 2022 செப்டம்பரில் அது 675 ரூபாயாக உயர்ந்தது. ஆயினும் ஏழைக்கு விலையை அளக்கும் படி ரூபாய் அன்று, அவன் கூலியே. நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழகத்தின் நாட்கூலி 2016-17இல் 203 ரூபாய். 2022-23இல் 281 ரூபாய். ஆகவே முன்பு இரண்டரை நாள் கூலிக்குச் சற்று மேலாக இருந்த கட்டணம், பின்பு அதற்குச் சற்றுக் குறைவாயிற்று.

500 யூனிட்டின் கணக்கு வேறு. 1,130 ரூபாய் 1,725 ஆயிற்று. ஐந்தரை நாள் கூலி ஆறு நாளைத் தாண்டிற்று. அதற்கு மேல் ஒரே ஒரு யூனிட் கூடினாலும், படிமாற்றத்தால் அப்போது 233 ரூபாய் மிகுதியாயிற்று. 2024 ஜூலையில் கட்டணம் மீண்டும் உயர்ந்தது.

கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கத்தில், இரண்டு விளக்கும் ஒரு தொலைக்காட்சியும் மட்டும் உள்ள சிறு வீட்டின் செலவு 100 யூனிட்டுக்குள் அடங்கிவிடும். அவர்களுக்குக் கட்டணமே இல்லை. குளிர்பதனப் பெட்டி, மோட்டார், குளிர்சாதனம் என்று பெருக்கிக்கொண்ட வீட்டிற்கே சுமை ஏறியிருக்கிறது.

எனவே சிக்கனம் வேண்டும். அதை எங்கே தொடங்குவது என்பதே கேள்வி. 60 வாட் குண்டு பல்பு, நாளைக்கு ஐந்து மணி வீதம், இரு மாதத்தில் 18 யூனிட் விழுங்கும். 9 வாட் எல்.இ.டி. விளக்குக்கு மூன்று யூனிட்டும் ஆகாது. ஆளில்லாத அறையில் சுழலும் விசிறியையும், நிரம்பி வழியும் தொட்டிக்கு ஓடும் மோட்டாரையும் நிறுத்துங்கள்.

75 வாட் விசிறி இரவில் எட்டு மணி நேரம் சுழன்றால் ஆவது 0.6 யூனிட். யூனிட் நாலரை ரூபாய் என்று வைத்தாலும் மூன்று ரூபாய் ஆகாது. அந்த மூன்று ரூபாயை மிச்சம் பிடிப்பது சிக்கனம் அன்று.

குடும்பத் தலைவர்களே, கணக்கு அட்டையை எடுத்துப் பாருங்கள். பின்பு, பாட்டியின் மின்விசிறியைப் போடுங்கள்.